சேற்றில் மிதித்த கோடி

பிச்சையம்மாள் புதுத்துணியைச் சேற்றில் போட்டு மிதித்துக்கொண்டிருந்தாள். யாராவது வருவதற்குள் அதன் சிவப்பு மறைந்தாக வேண்டும். தோட்டத்து லயத்து வீட்டுக்குள்ளே அவள் நாத்தனார் மருதம்மாள் காய்ச்சலில் செத்துக் கிடந்தாள், இடுப்பில் கோணிச் சாக்கோடு.

"போதும் புள்ள, கிழிஞ்சிடப் போவுது," என்றான் அவள் புருஷன் இருளப்பன்.

"கிழியட்டும். கோடிக்குப் பதிலா காசா வச்சிடலாம்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன்லா. இப்ப சிடாம் கிரி தோட்டம் முழுக்க ஜப்பான்காரன் அடிச்ச வாழமர நோட்டுதான் வைக்கிறாங்க. யாரும் ஒரு வார்த்த கேக்க மாட்டாங்க."

"அந்தக் கடுதாசியவா என் தங்கச்சிக்குப் போத்துறது? மாப்பிள்ளயத்தான் ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் ரோட்டு போடப் புடிச்சிக்கிட்டுப் போயிட்டான். பொறந்த வீட்டுக் கோடியும் இல்லாம சாக்கோடவா போவா?"

ஆனால் துணி ஜப்பான்காரன் கிடங்குத் துணி. அங்கே மூட்டை தூக்கும் இருளப்பன், கட்டியிருந்த சாக்குக்கு உள்ளே இடுப்பில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டான். பட்டணத்தில் சீனி திருடியவன் தலையைக் கழியில் செருகி வைத்திருந்ததைப் பிச்சையம்மாள் தன் கண்ணால் பார்த்தவள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இறங்குவதற்குச் சோறும் இல்லை, மரவள்ளிதான்.

காய்ந்ததும் துணி பழங்கந்தலாகத்தான் தெரிந்தது. இருந்தாலும் மனசு கேட்காமல் ஒரு பத்து வெள்ளி நோட்டையும் மடியில் செருகிக்கொண்டாள்.

இருளப்பன் தங்கையின் மேல் கோடியைப் போர்த்தினான். வாசலில் தோட்டத்து ஆட்களை மேய்க்கும் மண்டோர் அழகேசன் நின்றிருந்தார். சயாமுக்கு யார் யார் போவது என்று கைகாட்டுகிறவர் அவர்தான்.

"கோடியா இருளப்பா?"

"பழசுண்ணே! வீட்டுல கெடந்தது," என்று பிச்சையம்மாள் முந்திக்கொண்டாள். மண்டோர் துணியின் ஓரத்தை உற்றுப் பார்த்தார்.

பாடையைத் தூக்கியதும் மழை பிடித்துக்கொண்டது. பெண்கள் லயத்து முனையோடு நின்றுவிட்டார்கள். பாடையிலிருந்து சேற்றுத்தண்ணீர் ஒழுகியது. ஒழுக ஒழுக உள்ளேயிருந்த சிவப்பு வெளியே வந்தது. பாவி மழை, ஒரு நாழிகை பொறுக்கக் கூடாதா? ரப்பர் மரங்களுக்கு நடுவே அந்தச் சிவப்பு மறைந்து மறைந்து தெரிந்தது. அதன் பின்னாலேயே மண்டோர் நடந்துகொண்டிருந்தார். பிச்சையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சுற்றியிருந்த பெண்கள் அவள் செத்தவளுக்காக அழுகிறாள் என்று நினைத்தார்கள்.

இடுகாட்டிலிருந்து ஆண்கள் திரும்பினார்கள். எல்லாருக்கும் கடைசியில் இருளப்பனும் வந்தான், மண்டோரோடு. உயிரோடு வந்தானே என்று அவளுக்குப் பெருமூச்சு வந்தது.

மண்டோர் அவள் அருகே வந்து குரலைத் தாழ்த்தினார். "யாராச்சும் கேட்டா, இருளப்பன் காசுதான் வச்சான்னு சொல்லு தங்கச்சி. நானும் அப்படியே சொல்லிடறேன்."

அவள் மடியிலிருந்த நோட்டை எடுத்து நீட்டினாள். நனைந்து, அதிலிருந்த வாழைமரம் நைந்து போயிருந்தது.

அவர் அதைத் தொடவில்லை. "காசு எதுக்கு? எங்க வீட்டுலயும் சாக்குதான் கட்டிக்கிட்டு இருக்கா. எந்தத் துணின்னாலும் சரி, செவப்புதான் வேணும்னு இல்ல."

இருளப்பன் தலையாட்டினான்.

தீட்டு என்று ஜப்பான்காரனிடம் சொல்லிக்கொண்டு வீட்டில் இருக்க முடியாது. மறுநாள் விடிந்ததும் அவன் கிடங்குக்குக் கிளம்பினான். பிச்சையம்மாள் வாசல்வரை வந்தாள். அவன் இடுப்புச் சாக்கை அவிழ்த்து, கொஞ்சம் தளர்த்திக் கட்டிவிட்டாள்.