இத்ரூஸ் காத்திருக்கிறார்

எங்கள் வாப்பா இத்ரூஸின் பெயரைப் பலகையில் எழுதி மரத்தில் ஆணியடித்தவன் என் தம்பி ரவூப். என்னிடம் கேட்டிருந்தால் விட்டிருக்க மாட்டேன். மாத்தளைப் பக்கத்தில் நான்கு தலைமுறையாக மதிப்போடு வாழ்ந்த குடும்பம் எங்களுடையது. எங்களைப் பற்றி ஊரார் சொல்லி வெளியூரார் அறிவார்கள். மரம் சொல்லி அறியவேண்டிய நிலை எங்களுக்கு இருந்ததில்லை.

நாவுலயில் பெரிய வீதியோரம், எங்கள் வீட்டு வளவை ஒட்டி, வாப்பாவுக்கு ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. தம்புள்ளைப் பக்கமிருந்து வரும் வாகனங்கள் அதைக் கவனியாமல் போய்விடுகின்றன என்று, அறுபத்தோராம் ஆண்டு ரவூப் மைலுக்கு ஒன்றாக ஏழு பலகைகள் அடித்தான். 'இத்ரூஸ் காத்திருக்கிறார் – 7 மைல்.' அடுத்ததில் ஆறு. அதற்கடுத்ததில் ஐந்து. என்ன கடை, என்ன கிடைக்கும் என்று ஒரு சொல்லும் கிடையாது. முதல் பலகையைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் நான்காவதில் பேச்சை நிறுத்தி அடுத்ததைத் தேடுவார்களாம். கடைசிப் பலகை வரும்போது டிரைவரின் கால் பிரேக்கில் இருக்குமாம்.

அவன் சொன்னபடியேதான் நடந்தது. இறங்கி வருகிறவர்களைக் கண்டதும் வாப்பா வாசலோரத்து நாற்காலியை விட்டு எழுந்து, "வாங்க, உங்களத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்பார். தன் பெயரால் அழைக்கப்பட்டு வந்தவரை உட்கார்ந்தபடி வரவேற்க அவருக்கு மனம் வராது.

மறு வருடம் நோன்பு மாதத்தில் வாப்பா மவுத்தானார்; மையவாடியில் அடக்கினோம். பலகைகள் அப்படியே இருந்தன. வந்தவர்கள் வெறும் நாற்காலியைப் பார்த்து இத்ரூஸ் எங்கே என்று கேட்டார்கள். ஒருநாள் ஒரு லொறிக்காரன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "மனுசன் மையவாடியிலயும் காத்துக்கிட்டுத்தான் இருக்காரு. நாம எல்லாரும் ஒருநாளைக்கு அங்க நிப்பாட்டத்தானே வேணும்" என்றான். கடையே சிரித்தது. ரவூப்பும் சிரித்தான்.

அன்றே கடையை மூடச் சொன்னேன்.

"நானா, பலகைய மட்டும் கழட்டுவோம். கடை என்ன பாவம் செஞ்சிச்சு?" என்றான் ரவூப்.

"வாப்பாட பேர வச்சு ஊர் சிரிக்கிற கடை எனக்கு வேணாம்."

அவன் உக்குவளைக்கு, மாமனாரின் பலசரக்குக் கடைக்குப் போய்விட்டான். சலாம் சொல்லாமல் போனான்.

பலகைகளை நானே கழற்றினேன். ஆனால் அடுப்பில் வைக்க முடியவில்லை. ஒவ்வொன்றின் தலையிலும் 786 என்று எழுதியிருந்தான். அல்லாஹ்வின் பெயரைச் சொல்லும் பிஸ்மிக்குப் பதிலாக எங்கள் ஆட்கள் எழுதும் எண் அது. அது எழுதிய பொருளை நெருப்பில் போடுவது எங்கள் வீட்டு வழக்கமல்ல. கடைக்குப் பின்னால், கால் படாத இடமாகப் பார்த்து, பலாமரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தேன். ஒன்றிலிருந்து ஏழு வரை எண்ணிவிட்டுத்தான் மண்ணைத் தள்ளினேன்.

வாகனங்கள் நிற்பது நிற்கவில்லை.

பழகியவர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பழகாத முகங்கள் வந்தன. பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். ஏழு மரங்களிலும் ஆணித் துவாரங்கள் மட்டுமே இருந்தன. அவற்றிலிருந்து பிசின் வடிந்துகொண்டிருந்தது.

ஒருநாள் லுஹர் தொழுது வந்து வாசலில் நின்றேன். நல்ல வெயில். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக் கந்தோருக்கு மாற்றலாகிப் போகும் சிவசுப்பிரமணியம் என்ற உத்தியோகத்தர், மனைவியோடு காரை நிறுத்தி இறங்கினார். இந்த வழியால் அவர்கள் முன்பு வந்ததே இல்லையாம்.

"இத்ரூஸ் எண்டவர் நீங்களோ?" என்றார்.

அந்தப் பெயரை யார் சொன்னது என்று கேட்டேன். வழியிலிருந்த பலகைகளில் பார்த்ததாகச் சொன்னார். மனைவி மங்கையற்கரசி ஏழையும் தாண்டி எட்டாவது இருக்குமோ என்று எண்ணிக்கொண்டே வந்தாராம். அந்த அம்மா மூடிய கடையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கடைசிப் பலகையில பெயின்ற் இன்னும் காயேல்லை, இறங்கித் தொட்டுப் பாத்தனான்" என்று விரலை நீட்டினார். நுனியில் கறுப்பு ஒட்டியிருந்தது.

இத்ரூஸ் மவுத்தாகி ஏழு மாதம் என்றேன். கணவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"காத்திருக்கிறார் எண்டு எழுதிப்போட்டு ஆள் இல்லையெண்டால், அது பொய்தானே?"

தண்ணீர் கூடக் குடிக்காமல் போனார்கள். எங்கள் வாப்பாவின் பெயரோடு பொய் என்ற சொல்லை யாரும் சேர்த்து நான் கேட்டதில்லை. அதை என் வாசலிலேயே, நான் மூடிய கதவின் முன்னாலேயே கேட்டேன்.

மண்வெட்டியை எடுத்துப் பலாமரத்தடியைத் தோண்டினேன். பலகைகள் ஏழும் வைத்தபடியே கிடந்தன. கறையான் தொடவில்லை. தலையில் 786 பளிச்சென்று இருந்தது. அதற்குக் கீழே ஒரு எழுத்தும் இல்லை. நேற்றுச் சீவியது போல வெறும் மரம்.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு ரவூப்புக்குக் கடிதம் எழுதினேன். 'கடையைத் திறக்கிறேன். வந்து அடுப்பைப் பார்.' வேறொன்றும் எழுதவில்லை. அவன் வரும்வரை பொறுத்திருக்கவும் முடியவில்லை. மறுநாள் காலை கதவுகளைத் திறந்து, நாற்காலியைத் துடைத்து, அதில் உட்கார்ந்தேன். வாப்பா இருந்த காலத்தில் நான் அதைத் தொட்டதுகூட இல்லை.

வீதி வெறிச்சோடிக் கிடந்தது. ஒரு சத்தமும் கேட்கவில்லை. ஆனாலும் நான் எழுந்து நின்றிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று எனக்குத் தெரியாது. அதன் பிறகுதான் தம்புள்ளைப் பக்கத்து வளைவில் ஒரு கார் தெரிந்தது. வேகம் குறைந்து வந்து கடைமுன் நின்றது.

"நீங்கதானா இத்ரூஸ்?" என்றார் இறங்கியவர்.

என் ஆயுளில் நான் பொய் சொன்னதில்லை.

"ஆமா. வாங்க, உங்களத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றேன்.