முதுகுக்குப் பின்னால் ஒரு கை

எங்கள் தெருவில் நடக்கிற எதையும் நான் தேடிப் போய்ப் பார்ப்பதில்லை. என்னுடைய குசினி யன்னல் அப்படி அமைந்துவிட்டது. கோப்பை கழுவும்போது கண்ணை மூடிக்கொண்டா கழுவ முடியும்? எதிர்க் கட்டடத்தின் கீழ்வீட்டு வாசல், அதற்கு முன்னால் பஸ் தரிப்பிடம், அங்காலே பூங்காவின் டெனிஸ் கோர்ட், மூன்றும் ஒரே நேரில் கிடக்கின்றன. பிழை கட்டினவனுடையது.

அந்தக் கீழ்வீட்டுக்கு வியோரிக்கா குடிவந்தது ஒரு பனிக்காலத்தில். தனி ஆள். ஆறடிக்குக் கொஞ்சம் குறைய உயரம், ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயது. சாமான் ஏற்றி வந்த வானில் இருந்து இறங்கியது ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரேயொரு கதிரை, பிறகு நீளம் நீளமான பைகள்.

"அந்தப் பைக்குள்ள துவக்காத்தான் இருக்கும், பாத்துக்கொள்ளுங்க" என்றாள் சீதேவி. சீதேவி மட்டக்களப்புக்காரி, எங்களுக்கு மேல்வீடு. நீளமாக எதைக் கண்டாலும் அவளுக்குச் சுடுகிற துவக்குத்தான்.

நான் போய்ப் பிரெஞ்சில் 'பொஞ்சூர்' என்று வணக்கம் சொன்னேன். அவள் கையால் வாயை மறைத்துக்கொண்டுதான் பதில் சொன்னாள். கதைத்து முடியும்வரை கை இறங்கவில்லை.

"பல்லுப் பழுது போல" என்று வந்து இவரிடம் சொன்னேன்.

"அவளின்ர பல்லு உமக்கு என்னத்துக்கு?" என்றார் இவர். என் புருசன் ஆனந்தராசாவுக்கு உலகத்தில் எதுவுமே என்னத்துக்கோதான்.

கடிதப் பெட்டியில் அவள் ஒட்டியிருந்த பெயரை எழுத்தெழுத்தாகப் போனில் அடித்துப் பார்த்தேன். ருமேனியாக்காரி. டெனிஸ் விளையாடியவள், அதுவும் உலகம் சுற்றி, சம்பளத்துக்கு. ஒற்றையரில் சொல்லும்படி ஒன்றுமில்லை. இரட்டையரில் உலகத்தில் பத்தொன்பதாம் இடம்வரை போயிருக்கிறாள். ஏழு கிண்ணங்கள், ஏழும் மிரெலா என்கிற ஒருத்தியோடு சேர்ந்து. கடைசி வரியில் 'ஓய்வு பெற்றவர்' என்று போட்டிருந்தது. அதற்குப் பிறகு எங்கே இருக்கிறாள், யாரோடு இருக்கிறாள், ஏன் ஒரு கதிரை மட்டும் வைத்திருக்கிறாள் என்று எதுவும் எழுதவில்லை. அதையெல்லாம் ஆராவது பார்க்கத்தானே வேண்டும்.

நல்ல காலமாக எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பஸ். நான் நகரத்தின் மேற்குப் புறம், புவாண்ட்-கிளேரில் ஒரு வெயர்ஹவுசில் பெட்டி கட்டுகிறேன். அவள் அதே பக்கத்தில் ஓர் உள்ளரங்கில் சின்னப் பிள்ளைகளுக்கு மட்டை பிடிக்கப் பழக்குகிறாள். வரிசையில் அவள் முன்னுக்கு நிற்பாள், நான் பின்னுக்கு. அப்படி நின்றபோதுதான் அந்தக் கையைக் கண்டேன்.

இடது கை முதுகுக்குப் பின்னால் வந்தது. முதலில் பொத்தின முட்டி. பிறகு விரல்கள் எல்லாம் விரிந்தன. பிறகு மறுபடி முட்டி. முகம் நேரே, தெருவைப் பார்த்தபடி. பின்னால் நான் ஒருத்திதான். எனக்கும் அவளுக்கும் இடையில் எந்த வியாபாரமும் கிடையாது.

"அது சூனியம்" என்றாள் சீதேவி. "விரலால கட்டுறது. மறுகா, கொஞ்ச நாளில, கால் இழுக்காட்டிக் கேளுங்க."

கால் இழுக்கவில்லை. ஆனால் அறியாமல் இருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. ஒரு நாள் பஸ்ஸுக்குள் பக்கத்தில் போய் இருந்து நேரே கேட்டேன். எங்களுக்குள் பொதுவாக இருந்தது பஸ் பாஷை: பாதி இங்கிலீசு, கொஞ்சம் பிரெஞ்சு, மிச்சம் தலையாட்டல்.

"உன்ர கைக்கு என்ன வருத்தம்?"

அவள் தன் கையை வேறு ஆருடையதோ கையைப் போலப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். பல் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

"இன்னும் செய்யிறேனா?" என்றாள்.

இரட்டையர் ஆட்டத்தில் ஒருத்தி பின்னுக்கு நின்று பந்தை அடித்துத் தொடங்குவாளாம். மற்றவள் முன்னுக்கு, வலையடியில். வலையடியில் நிற்கிறவள் திரும்பிப் பார்க்கக் கூடாது, வாய் திறந்து சொல்லவும் கூடாது, எதிராளி பிடித்துவிடுவான். ஆகவே முதுகுக்குப் பின்னால் கையைக் காட்டுவாள். முட்டி என்றால் நான் இங்கேயே நிற்பேன். விரித்த கை என்றால் நான் அந்தப் பக்கம் பாய்வேன், நீ வந்து என்னுடைய இடத்தைப் பார். பின்னுக்கு நிற்கிறவள் கையைப் பார்த்துவிட்டு 'டா' என்று சொல்ல வேண்டும். அவர்களுடைய பாஷையில் அதுதான் ஓம், சரி என்கிறது. டா கேட்ட பிறகுதான் ஆட்டம்.

"வாயைப் பொத்துறது?"

"அதுவும் அப்பிடித்தான். ரெண்டு பேரும் கதைக்கிறதை எதிர்ப்பக்கம் உதட்டில வாசிச்சிடும்."

என்னை எதிர்ப்பக்கமாக நினைத்துத்தான் இத்தனை நாளும் பொத்தியிருக்கிறாள். சரி, போகட்டும்.

"மிரெலா எங்கே?" என்று கேட்டேன்.

நான் அந்தப் பெயரைச் சொன்னதில் அவள் ஆச்சரியப்படவில்லை. ஆராவது அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும் என்று இருந்திருக்கிறாள் போல. ஒரு வருசம் தன்னுடைய மணிக்கட்டு நொந்துபோக, மிரெலா அடுத்த போட்டிக்கு வேறொருத்தியோடு பெயர் பதிந்துவிட்டாளாம். சண்டை ஒன்றுமில்லை, போனில் ஒரு வரிச் செய்தி. அந்தத் தொழிலில் அப்படித்தானாம், ஆரும் கோபிப்பதில்லை. வேறொருத்தியோடு மிரெலா பெரிய கிண்ணமே வென்று, இப்போது தொலைக்காட்சியில் வர்ணனை செய்கிறாள். வியோரிக்கா மணிக்கட்டு ஆறிய பிறகு நாலைந்து பேரோடு ஆடிப் பார்த்திருக்கிறாள்.

"கை காட்டினா எல்லாரும் 'யெஸ்' எண்டுதான் சொல்லுவினம்" என்றாள். "சரியாத்தான் சொல்லுவினம்."

அவளுடைய தரிப்பு வந்தது. இறங்கிப் போய்விட்டாள்.

இந்த ஆவணியில், நகரத்தில் பெரிய டெனிஸ் போட்டி நடக்கிற கிழமை, வியோரிக்கா தானாக வந்து என் கதவைத் தட்டினாள். தலைமயிர் வெட்டியிருந்தாள். வர்ணனை செய்ய மிரெலா வந்திருக்கிறாளாம். ஞாயிறு பின்னேரம் விமானம். அதற்கு முதல் இங்கே வந்து ஒரு மணித்தியாலம் ஆடச் சம்மதித்திருக்கிறாள். பூங்காக் கோர்ட்டைப் பதிந்தாயிற்று. எதிர்ப்பக்கம் ஆட, தன்னோடு வேலை செய்கிற ஒரு புருசனும் பெண்சாதியும் வருவார்களாம்.

"ஒரு மணித்தியாலம் காணும்" என்றாள். "ஒருக்கா எனக்குப் பின்னால அவள் அந்த 'டா'வைச் சொல்லவேணும். பிறகு நான் மட்டையை விட்டிடலாம்." வாயைப் பொத்திக்கொண்டு, "ஒருத்தருக்கும் சொல்லாதே" என்றாள்.

என்னிடம் வந்த காரியம், அவளிடம் இல்லாத மூன்று கதிரைகளை இரவல் வாங்க.

நான் ஒருத்தருக்கும் சொல்லவில்லை. சீதேவிக்கு மட்டும்தான். சீதேவி வீடியோ எடுக்கிற றொபின்சனுக்குச் சொல்லியிருக்கிறாள், றொபின்சன் விமலநாதனுக்கு. விமலநாதன் எங்கள் பகுதித் தமிழர் ஒன்றியத்தின் தலைவர். அவருடைய கார் டிக்கியில் பனி வழிக்கிற தும்புக்கட்டை இருக்காது, ஆனால் எந்தக் காலத்திலும் பொன்னாடை இரண்டு இருக்கும். உலக சம்பியன் ஒருத்தி எங்கள் தெருவுக்கு வருகிறாள் என்றால் அவர் சும்மா விடுவாரா?

ஞாயிற்றுக்கிழமை யன்னலால் பார்க்கிறேன், கோர்ட்டுக்குள் நாற்பது பேர். ஒலிபெருக்கி. பதாகை. சீதேவி வடை சுட்டு வந்திருந்தாள். பட்டுச் சேலையில் பிள்ளைகள் தட்டத்தோடு வாசலில். நானும் சும்மா போகக்கூடாது என்று கேசரி கிண்டிக்கொண்டு போனேன்.

வியோரிக்கா வெள்ளை உடுப்போடு வலையடியில் நின்றாள். ஏதோ பிள்ளையின் பிறந்தநாளாக்கும் என்று முதலில் நினைத்தாளாம். என்னைக் கண்டதும் விளங்கியிருக்க வேண்டும்.

மிரெலா வாடகைக் காரில் வந்து இறங்கினாள். நல்ல கலகலப்பான மனுசி, எங்கு போனாலும் கூட்டம் இருக்கும் என்று பழகினவள். சந்தனப்பொட்டு வைத்தார்கள், சிரித்தாள். பொன்னாடை போர்த்தார்கள், கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். விமலநாதன் பேசத் தொடங்கினார். முதலில் தமிழில், விளங்காதவர்களுக்காக இங்கிலீசில், அரசாங்கத்துக்காகப் பிரெஞ்சில். ருமேனியாவில் தொடங்கி எங்கள் விளையாட்டு விழாவுக்குத் திடல் கிடைக்காத பிரச்சினைவரை வந்தார். வியோரிக்காவை 'சம்பியனின் சிநேகிதி' என்று ஒருதரம் சொன்னார். இரண்டாவது பொன்னாடை ஒன்றியத்தின் பொருளாளருக்குப் போனது.

"அண்ணை, அவையள் விளையாட வந்தவையெல்லே?" என்று நான் மெல்லமாய்ச் சொன்னேன்.

"முடியுது, முடியுது, தங்கச்சி. மரியாதை எண்டு ஒண்டு இருக்குத்தானே."

பிறகு படம். எல்லாரும் மிரெலாவைச் சுற்றி நின்றார்கள். ஆர் எடுப்பது? சீதேவி தன்னுடைய போனை வியோரிக்காவின் கையில் வைத்தாள். "நீங்கதான் உயரம். எல்லாரும் விழுற மாதிரி எடுங்க, என்ன." வியோரிக்கா எடுத்தாள். இன்னும் நாலைந்து போன் வந்தன. எல்லாவற்றிலும் எடுத்தாள். எதிர்ப்பக்கத்துக்கென வந்த புருசனும் பெண்சாதியும் என்னுடைய கதிரைகளில் இருந்து வடை சாப்பிட்டார்கள்.

அடுத்த மணித்தியாலத்துக்குப் பதிந்த பெடியள் வேலியடியில் வந்து நின்ற பிறகுதான் விமலநாதன் மைக்கைக் கீழே வைத்தார். "இப்ப ஒரு ஷொட் அடிச்சுக் காட்டுங்கோ, வீடியோவுக்கு!"

புருசனும் பெண்சாதியும் கையைத் துடைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போனார்கள். மிரெலா பொன்னாடையைத் தோளில் முடிந்துகொண்டு பின்கோட்டுக்குப் போனாள். வியோரிக்கா வலையடியில் குனிந்து நின்றாள். இடது கை முதுகுக்குப் பின்னால் வந்தது. விரித்த கை. நான் நேர் பின்னால், வேலிக்கு இங்காலே நின்றேன். எனக்கு வடிவாகத் தெரிந்தது.

மிரெலா றொபின்சனின் கமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கை அப்படியே நின்றது. ஒருக்கால் மடங்கி, மறுபடி விரிந்தது. டா வரவில்லை. பந்துதான் வந்தது. கை சொன்னபடியே வியோரிக்கா அந்தப் பக்கம் பாய்ந்தாள். அவள் விட்ட இடத்துக்கு ஒருத்தரும் வரவில்லை. எதிர்ப்பக்கம் திருப்பி அடித்த பந்து அந்த வெறும் இடத்துக்குள்ளால் துள்ளித் துள்ளிப் போய் வேலியில் முட்டியது.

நாங்கள் எல்லாரும் கைதட்டினோம்.

மிரெலா உரக்கச் சிரித்தாள். கார்க்காரன் ஹோர்ன் அடித்தான். ஏறுவதற்கு முதல் அவளும் வியோரிக்காவும் காரடியில் நின்று கொஞ்சம் கதைத்தார்கள், இரண்டு பேருமே வாயைப் பொத்திக்கொண்டு. நான் கேசரித் தட்டத்தைச் சாட்டாக வைத்துக் கிட்டப் போனேன். பொத்தாவிட்டாலும் அந்தப் பாஷை எனக்கு விளங்கியிருக்கப் போவதில்லை. என்றாலும், எனக்கு முன்னால் நடந்து எனக்குத் தெரியாமல் போன கதை இந்தத் தெருவில் அது ஒன்றுதான்.

கார் போனது. பெடியள் கோர்ட்டுக்குள் இறங்கினார்கள். "நிகழ்ச்சி நல்லாப் போச்சுது" என்றார் விமலநாதன். வியோரிக்கா என்னுடைய கதிரைகளை மடித்து, துடைத்து, வாசல்வரை கொண்டுவந்து தந்தாள். 'மெர்சி' என்று நன்றி சொன்னாள். வாயைப் பொத்தாமல்.

பேந்து வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன், "விமலநாதன் அண்ணை கொஞ்சம் சுருக்கிப் பேசியிருக்கலாம்."

"அவருக்கு ஆர் சொன்னது?" என்றார் இவர். மனுசனுக்குச் சில நேரம் தேவையில்லாத கேள்விகள் வரும்.

அடுத்த வாரம் அந்த நீளப் பைகள் பழைய சாமான் போடுகிற இடத்தில் கிடந்தன. திறந்து பார்த்தேன். மட்டைகள்தான். சீதேவிக்கு ஏமாற்றம்.

இப்போதும் அதே பஸ். அவள் முன்னுக்கு, நான் பின்னுக்கு. கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகிப் பார்த்துக்கொண்டுதான் வருகிறேன், அந்தக் கை மறுபடி பின்னால் வந்தால் டா என்று சொல்வதா, எங்கள் ஓம் என்றே சொல்லிவிடுவதா என்று. எதுவானாலும் உடனே சொல்ல வேண்டும், பிந்தினால் அதில் பிரயோசனம் இல்லையாம்.

இன்னும் குளிர் தொடங்கவில்லை. நாங்கள் எல்லாரும் மெல்லிய சட்டையோடுதான் நிற்கிறோம். வியோரிக்கா மட்டும் ஜாக்கெட் போட்டு, இரண்டு கையையும் பொக்கற்றுக்குள் விட்டுக்கொண்டு நிற்கிறாள். பஸ் வந்து கதவு திறக்கும்வரை நான் அவளுடைய முதுகையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.