உள்பக்கத் தையல்

என் உடம்பைப் பற்றி எனக்கு எந்தப் புகாரும் இருந்ததில்லை. கல்யாணத்தன்று இருந்த அதே அளவில்தான் இருக்கிறேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். ஆதாரமும் கையில் இருந்தது. லிஃப்ட் மெக்கானிக்குகள் போடும் ஓவரால், கழுத்திலிருந்து கால் வரை ஒரே உடுப்பாக இருக்குமே, அது என் மனைவி தைத்தது. தைத்த புதிதில் எப்படிப் பொருந்தியதோ, வருஷக்கணக்காக அப்படியே பொருந்திக்கொண்டிருந்தது. அதனால் அன்றைக்கு நான் அந்த ஓட்டையில் மாட்டிக்கொண்டபோது, ஓட்டைதான் சுருங்கிவிட்டது என்று நினைத்தேன்.

அந்த அடுக்குமாடிக் கட்டடம் ரொம்பப் பழசு. லிஃப்டின் மோட்டார் மொட்டை மாடிக்கு மேலே ஒரு சின்ன அறையில் இருக்கிறது. அங்கே போக ஓர் இரும்பு ஏணி. ஏணியின் உச்சியில், அந்த அறையின் தரையில் வெட்டிய ஒரு சதுர ஓட்டை. கீழே இரண்டு மாடிகளுக்கு நடுவே, நின்றுபோன லிஃப்டுக்குள் பாட்டு டீச்சர் ஒருவர் மாட்டியிருந்தார். மோட்டாரைக் கையால் சுற்றித்தான் பெட்டியை நகர்த்த வேண்டும். நான் முதலில் ஏறினேன். தலை போனது, தோள் போனது, அதற்கு மேல் நானும் போகவில்லை, கீழேயும் வர முடியவில்லை.

என் பின்னால் ஏணியில் நின்றவன் என் மச்சான். என் மனைவியின் அண்ணன், எனக்கு வேலையில் ஜோடி. ஊதினால் பறந்துவிடுவான், ஆனால் தின்பதில் யானைக்குச் சமம்.

"மச்சான், மூச்சை வெளியே விடு," என்றான் கீழேயிருந்து.

"விட்டுட்டேன்டா."

"இன்னும் கொஞ்சம் விடு."

"இனிமே விட்டா உசுருதான் போகும்."

அவன் தோளைக் கொடுத்துத் தள்ளினான், காலைப் பிடித்து இழுத்தான், ஒன்றும் நடக்கவில்லை. பாட்டிலுக்குக் கார்க் போட்டது போல நான் வழியை அடைத்துக்கொண்டு நிற்க, டீச்சர் பயத்தை மறக்கப் பாட ஆரம்பித்தார். கயிறு போகும் துளை வழியாக அவர் குரல் எனக்கு நன்றாகக் கேட்டது. நாலு பாட்டு முடிந்த பிறகு, காவல்காரர் கொண்டுவந்த சமையல் எண்ணெயின் உதவியால் நான் கழன்று வந்தேன். மச்சான் என்னைத் தாண்டி அணில் மாதிரி ஏறிப் போய் டீச்சரை மீட்டான்.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். நல்ல மனிதர், கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"அந்தம்மா பாடினாங்க, சரி. வேற யாராவது மயங்கி விழுந்திருந்தா? ஆண்டுச் சோதனை வரைக்கும் டைம் தர்றேன். அதுக்குள்ள அந்த ஓட்டையில நீ தனியாப் போய் வரணும். முடியலேன்னா ஆபீஸ்ல ஒரு நாற்காலி போடறேன். ஃபோன் எடுத்துப் பதில் சொல்லு."

லிஃப்ட் குழியின் இருட்டு எனக்குப் பிடிக்கும். கிரீஸ் வாசனை பிடிக்கும். ரிப்பேர் முடிந்து பெட்டி முதல் தடவை அலுங்காமல் மேலே போகும்போது வரும் அந்தச் சத்தம் ரொம்பப் பிடிக்கும். அதையெல்லாம் விட்டுவிட்டு, ஊரில் மாட்டிக்கொண்டவன் எல்லாம் திட்டுகிற திட்டை நாள் முழுக்கக் காதில் வாங்கும் வேலையா? அதற்கு வெள்ளரிக்காய் தின்பதே மேல் என்று முடிவு செய்தேன்.

ஆனால் நான் குண்டு என்று ஒப்புக்கொள்ளவில்லை. எடை பார்க்கும் மெஷினை வீட்டு வாசல்படி ஏற விடவும் இல்லை. லிஃப்டில் ஆள் அதிகமானால் கத்தும் கருவியை ரிப்பேர் செய்தே வயசான எனக்கு, அந்த ஜாதி மெஷின்கள் சொல்லும் பொய் அத்தனையும் தெரியும். மச்சானிடம் மட்டும் ஒரு வாக்குக் கொடுத்தேன். "இந்த ஓவரால் தொளதொளன்னு ஆனா, நான் குண்டா இருந்தேன்னு ஒத்துக்கறேன்டா." இதை மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் தினமும் துணியைப் பிடித்து இழுத்துப் பார்ப்பாள் என்று பயம்.

அவள் தையல்காரி. எங்கள் வீட்டு முன்னறைதான் கடை. வாயில் எப்போதும் நாலு குண்டூசி இருக்கும், அதனால் பேச்சு கம்மி. சாப்பாட்டு விஷயத்தைச் சொன்னதும் ஊசியை எடுக்காமலே தலையாட்டினாள். அன்று ராத்திரியே டீயில் சர்க்கரை போனது. வெள்ளை ரொட்டி போனது. பொரித்த உருளைக்கிழங்கு, நான் உயிரை வைத்திருந்த உருளைக்கிழங்கு, சொல்லாமல் கொள்ளாமல் போனது. அவற்றுக்குப் பதிலாக அவித்த பயறும் முட்டைக்கோசும் முட்டையும் வந்து உட்கார்ந்தன. வெள்ளரிக்காயைப் பற்றி மரியாதையாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. முதல் வாரத்திலேயே நாக்கு செத்துவிட்டது.

வேலைக்குக் கம்பெனி வேனில் போவதையும் நிறுத்தினேன். வெளியூரில் வேலை கிடைத்துப் போன மகள் விட்டுப்போன சைக்கிள் ஒன்று மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. கத்தரிப்பூ நிறம், முன்னால் பூப்போட்ட கூடை. அந்தக் கூடையில் ஸ்பேனர் பையை வைத்துக்கொண்டு நான் போன முதல் நாள், தெருவில் சிரிக்காதவர்கள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மட்டும்தான். வழியில் ரயில் பாதைக்கு மேல் ஒரு பாலம். பாதி ஏற்றத்தில் நாக்குத் தள்ளி இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். காலை நடை போகிற ஒரு பெரியவர் என்னை முந்திக்கொண்டு போனார். போகட்டும், அவர் கூடையில் ஸ்பேனர் இல்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு தினமும் ஓட்டினேன். கொஞ்ச நாளில் பாலத்தில் முக்கால்வாசி ஏறினேன். செயினுக்கு எண்ணெய் போட்டதால் என்று நினைத்தேன். அப்புறம் ஒருநாள் இறங்காமலே உச்சிக்குப் போய்விட்டேன். அன்றைக்குக் காற்று பின்னாலிருந்து அடித்தது. ஷூ கயிறு கட்டும்போது மூச்சு வாங்கவில்லை. புதுக் கயிறு, நீளமாக இருந்தது. எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு காரணம் இருந்தது.

"இளைச்சுட்ட மச்சான்," என்றான் அவன் ஒருநாள், என் டப்பாவிலிருந்து அவித்த முட்டையைத் திருடிக்கொண்டே.

"வயித்தெரிச்சலைக் கிளப்பாதே. ஓவராலைப் பாரு. அப்படியேதான் இருக்கு."

அவன் பார்த்தான். அப்படியேதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை துவைக்கப் போகும், திங்கட்கிழமை காலை இஸ்திரி போட்டு ஆணியில் தொங்கும். ஒவ்வொரு திங்களும் ஆசையோடு காலை நுழைப்பேன். ஒவ்வொரு திங்களும் அது கச்சிதமாக, அளவெடுத்தது போல என்னைப் பிடித்துக்கொள்ளும். விரல் நுழைய இடம் இருக்காது. முட்டைக்கோசைத் தின்று தின்று ஒரு நூல் கூடக் குறையவில்லை என்றால் என்ன உடம்பு இது என்று எனக்கே என் மேல் கோபம் வந்தது. இப்படியே மாதங்கள் ஓடிப்போயின.

ஆண்டுச் சோதனைக்கு முந்தின வாரம் எனக்கு மனசு விட்டுப்போயிற்று. திரும்ப ஒரு தடவை எண்ணெய் தடவிக்கொண்டு ஊர் முன்னால் தொங்க நான் தயாராக இல்லை. வெள்ளிக்கிழமை காலை மேனேஜரிடம் போய், "நாற்காலியைப் போட்டுடுங்க சார். திங்கட்கிழமை வந்து உட்கார்றேன்," என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் நிற்கவில்லை. நின்றால் அழுதுவிடுவேன் போலிருந்தது.

மத்தியானம் பாலத்துக்குப் பக்கத்தில் உருளைக்கிழங்கு பொரிக்கிறவனின் வண்டி முன்னால் சைக்கிளை நிறுத்தினேன். இனிமேல் யாருக்காக வாயைக் கட்ட வேண்டும்? பெரிய பொட்டலமாகச் சொல்லிவிட்டு எண்ணெய் சுடும் வாசனையை ஆசை தீர இழுத்தேன். அப்போது ஃபோன் அடித்தது. மச்சான்.

"பழைய கட்டடத்துல லிஃப்ட் நின்னுபோச்சு மச்சான். உள்ளே அதே டீச்சர். நான் வேன்ல இருக்கேன், முன்னாலயும் பின்னாலயும் லாரி, அசைய முடியல. நீ எங்க இருக்க?"

"பாலத்துக்கிட்ட."

"அப்ப நீதான் போகணும்."

பொட்டலத்தை வாங்காமலே கிளம்பினேன். பாலம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. கீழே வரிசையாக நின்ற வண்டிகளுக்கு நடுவே கூடையும் ஸ்பேனரும் கலகலக்க ஓட்டினேன். காவல்காரரை லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு மாடிப்படியில் ஓடினேன். சுவருக்குள்ளிருந்து பாட்டுச் சத்தம் வந்தது. ஏணியில் ஏறினேன், ஓட்டையின் மூடியைத் தள்ளினேன், மெயின் ஸ்விட்சை அணைத்தேன், பிரேக்கை விடுவித்துச் சக்கரத்தைப் பிடித்தேன். ஒரே ஒரு ஆள் உள்ளே இருந்தால் பெட்டி மேலே போகத்தான் பார்க்கும், எதிர்ப்பக்கத்துப் பளு இழுக்கும். அதைப் போக விட்டுப் பிடித்து, விட்டுப் பிடித்து, கயிற்றில் பூசிய பெயிண்ட் குறி நேருக்கு வந்ததும் நிறுத்தினேன். பிரேக்கைப் போட்டுவிட்டு, இறங்கி ஓடிப் போய்ச் சாவி போட்டுக் கதவைத் திறந்தேன்.

டீச்சர் கைப்பையோடு வெளியே வந்தார். "போன தடவை நாலு பாட்டு. இன்னைக்கு ரெண்டாவதே முடியல. நல்ல இடத்துல நிறுத்திட்டீங்க," என்றார்.

ஸ்பேனரை மேலேயே விட்டுவிட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. திரும்ப ஏணி ஏறி ஓட்டையில் பாதி நுழைந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒரு தடவை உள்ளே போய் வெளியே வந்தாயிற்று. என் வயிற்றுக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே இப்போது என் கை தாராளமாகப் போய் வந்தது.

மச்சான் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தபோது நான் டேப்பை வைத்து அந்த ஓட்டையை அளந்துகொண்டிருந்தேன்.

"யாரோ இதைப் பெருசு பண்ணியிருக்காங்கடா."

"யாரும் தொடல. பாரு, பழைய துரு அப்படியே இருக்கு. நீதான் சின்னதாயிட்ட."

"அப்ப ஓவரால்?"

அவன் என் இடுப்புப் பக்கம் தையலைப் பிடித்து வெளியே திருப்பினான். உள்பக்கம், விரல் அகலத்துக்கும் மேலே துணி மடிந்து கிடந்தது. அதன் மேல் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகத் தையல் வரிகள். அவன் ஏணியிலேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். "என் தங்கச்சி கைவேலை. வாரா வாரம் உள்ளே பிடிச்சுத் தைச்சிருக்கா."

வீட்டுக்கு வந்ததும் ஓவராலைக் கழற்றி, உள்பக்கத்தை வெளியே திருப்பி, தையல் மெஷின் மேல் போட்டேன்.

"இது என்ன?"

வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குத்தி வைத்தாள். "தையல்."

"யார் போட்டது?"

"பக்கத்து வீட்டுக்காரியா வந்து போடுவா? லூசா தொங்கிச்சு, பிடிச்சேன். டெய்லர் புருஷன் தொளதொளன்னு தெருவுல சைக்கிள் ஓட்டினா, என் கடைக்கு எவ வருவா?"

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"இத்தனை வருஷமா பிரிச்சுப் பிரிச்சுப் பெருசாக்கினேன். அப்பச் சொன்னேனா, இப்பச் சொல்றதுக்கு?"

எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. "அப்ப, கல்யாணத்தன்னைக்கு இருந்த அதே அளவுன்னு நான் ஊரெல்லாம் சொன்னது?"

"நல்லாச் சொன்னீங்க. எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க."

அசடு வழிய நின்றேன். ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. "பிடிச்சே சரி. மிச்சத் துணியை ஏன் வெட்டல?"

அவள் அந்த மடிப்பை விரலால் நீவினாள். திரும்பப் பிரித்துவிட வேண்டி வரும் என்றுதான், வேறென்ன. எனக்கு மனசு வலித்தது. அந்த வலியில், நாற்காலி கேட்டது, உருளைக்கிழங்கு வண்டி முன்னால் நின்றது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்த உடுப்புக்குள் காலை நுழைத்து எப்படி ஏமாந்தேன் என்றும் சொன்னேன். கேட்கக் கேட்க அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"நான் பிடிச்சதாலயா விட்டுட்டுப் போகப் பார்த்தீங்க?"

"வேற எதை வெச்சு நான் தெரிஞ்சுக்கறது?"

அவள் பெரிய கத்தரியை எடுத்தாள். எனக்கே பயமாகிவிட்டது. "கொஞ்சம் விட்டு வெட்டு. நாங்க லிஃப்ட் கயிறு போடறப்பவே தேவைக்கு மேலதான் பலம் வெச்சுப் போடுவோம்," என்றேன். அவள் காதில் வாங்கவில்லை. இடுப்பு, முதுகு, தொடை என்று மடித்து வைத்த துணி முழுவதையும் தையலை ஒட்டி வெட்டித் தள்ளினாள். தரையில் நீலத் துண்டுகள் குவிந்தன. இவ்வளவையும் நான் தூக்கிக்கொண்டா ஏணி ஏறினேன் என்று ஆச்சரியமாக இருந்தது.

அப்போது மேனேஜரின் ஃபோன் வந்தது. டீச்சர் அவரிடம் பேசிவிட்டாராம். "அப்ப இந்த நாற்காலியை என்னப்பா பண்றது?" என்றார்.

"நீங்களே உட்காருங்க சார்," என்றேன்.

திங்கட்கிழமை காலை ஓவரால் வழக்கம்போல ஆணியில் கச்சிதமாகத் தொங்கியது. வாசலில் சைக்கிளின் சீட்டுக்குப் புதிதாக ஒரு நீல உறை. துண்டுகளை ஒட்டுப்போட்டு, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்திருந்தாள். வாயில் ஊசியோடு கதவருகே நின்றுகொண்டு, ஏறுங்கள் என்று தலையை ஆட்டினாள். இத்தனை வருஷம் நான் சுமந்த வயிற்றின் மேல் உட்கார்ந்துதான் இப்போது தினமும் பாலம் ஏறுகிறேன். மெத்தென்று இருக்கிறது.