படையலில் முடியும் பேய்ப் படங்கள்

கதை என்பது மனித குலத்தின் முதுகெலும்பு. அந்த முதுகெலும்பைச் சில்லிட வைக்கும் பேய்க் கதையே கதைகளுக்கெல்லாம் ஆதி. இளைஞர் திகில் படங்களைக் கதையியல் நோக்கில் ஆராய்ந்த தமது முனைவர் பட்ட ஆய்வேட்டை மணிகண்டபிரபு இப்படித்தான் தொடங்கியிருந்தார். இந்த வரியை எழுதி முடித்ததும், கொல்லைப்புறத்துக் குளியலறைக்குப் போவதற்கு மனைவியைத் துணைக்குக் கூப்பிட்டார்.

பேய்ப் படம் அவருக்கு ஆகாது. சுவரொட்டியைப் பார்த்தாலே கை ஜில்லிட்டுவிடும். ஆனால் நெறியாளர் விஜயராஜ், "தம்பி, சங்க இலக்கியத்துல எடமே கெடையாது, ஆளுக்கொரு பூவப் பிச்சிட்டுப் போயிட்டாங்க. பேய்தான் காலியாக் கெடக்கு" என்று ஒதுக்கிக் கொடுத்துவிட்டார். மறுக்க வழியில்லை. கோவில்பட்டிக் கல்லூரி ஒன்றில் தற்காலிக வேலை. பட்டம் வந்தால் நிரந்தரம், இல்லையென்றால் ஜூனில் வேறு ஆள் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது.

ஆகவே ஓர் ஏற்பாடு நடந்தது. மனைவி அமுதவள்ளி மத்தியானத்தில் செல்போனில் படத்தைப் பார்ப்பாள். சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு, தோசை வார்த்துப் போட்டபடியே கதையைச் சொல்வாள். இவர் அதை எலும்பெலும்பாகப் பிரித்து எழுதுவார். பாழ்வீட்டுக்குப் போகாதே என்று யாரோ சொன்னால் 'தடை'. கல்லூரிப் பிள்ளைகள் கும்பலாகப் போனால் 'தடைமீறல்'. பிறகு 'துரத்தல்'. கடைசியில், மேனாட்டு அறிஞர் எவர் கண்ணிலும் படாத ஒரு கூறு: 'படையல்'. பேய்க்குச் சேலையும் வளையலும் சர்க்கரைப் பொங்கலும் வைத்துக் கும்பிட, அது மனம் குளிர்ந்து போய்விடும். எடுத்துக்கொண்ட அத்தனை படமும், கொரியாப் படம் உட்பட, அப்படியே முடிந்தன. "உலகக் கதையியலுக்குக் கரிசல் மண் தந்த கொடை" என்றார் விஜயராஜ், ஒரு படமும் பார்க்காமல்.

வாய்மொழித் தேர்வன்று ஆய்வாளர்தான் எல்லோருக்கும் சாப்பாடு போட வேண்டும். காலையில் பிரியாணி அண்டாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டே மணிகண்டபிரபு பேச வேண்டியதை ஒப்பித்துக்கொண்டிருந்தார். அமுதவள்ளி காதில் அது விழுந்தது.

"அந்தப் படையலையுமா எழுதிட்டிய?"

"அதுதாம்ட்டி ஆய்வே."

"அது நாஞ்சொன்னதுல்லா. படத்துல எரிச்சிருவாங்க, இல்லன்னா கெணத்துல தள்ளி மூடிருவாங்க. வெளக்கு வச்ச நேரத்துல செத்துப்போன பொம்பளப்பிள்ள கதைய எடுத்துட்டு, ஒரு சேலைகூடக் குடுக்காம அம்போன்னு விட முடியுமா? எங்க வீட்டுல அப்படிச் சொல்லி முடிக்கமாட்டோம். பெறகு அது எங்க போவும், கதை கேட்ட வீட்டுக்குத்தான வரும்."

"கொரியாப் பேய்க்குமா?"

"அதுவும் கல்யாணமாவாத பிள்ளதான. பாவமா இருந்திச்சு."

அண்டாவின் ஒரு காதை அவர் விட்டுவிட்டார். ஆட்டோக்காரர் பிடித்துக்கொண்டார்.

கல்லூரிக் கூடத்தில் மின்விசிறி சுற்றியும் அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மடிக்கணினியின் வயர் எட்டாததால், புறத்தேர்வாளருக்குப் பக்கத்து நாற்காலியிலேயே அவரை உட்கார வைத்தார்கள். புறத்தேர்வாளர் சென்னைப் பேராசிரியர். பட்டு ஜிப்பா, சந்தன வாசனை. எழுந்து தமது அறிக்கையை வாசித்தார். "படையற்கூறு நுட்பமான கண்டடைவு. இப்படங்களைக் கண்ட காலத்தில் யானும் இதனை உணர்ந்து வியந்ததுண்டு."

எதைக் கண்டார், எங்கே வியந்தார் என்று மணிகண்டபிரபு அவர் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தார். சும்மா சொல்கிறாரா, பொறி வைக்கிறாரா?

அவையோர் கேட்கலாம் என்றார்கள். இரண்டாம் ஆண்டு மாணவி கல்யாணசுந்தரி எழுந்தாள்.

"சார், நீங்க சொன்ன ஹாஸ்டல் படத்துல பேயை எரிச்சுல்லா போடுதாங்க. பொங்கல் எப்ப வச்சாங்க?"

பின்வரிசையில் ஒருவன், "இன்டர்வல்ல வச்சிருப்பாங்கட்டி" என்றான். கூடம் சிரித்தது. புறத்தேர்வாளர் சிரிக்கவில்லை. தண்ணீர் குடித்தார்.

விஜயராஜுக்குத் தம் ஆய்வு மாணவர்மேல் அபார நம்பிக்கை. "கடைசிக் காட்சியப் போட்டே காட்டிருவோம். பிள்ளைக்கு ஐயம் தெளியட்டும்" என்றார். படம் கல்யாணசுந்தரியின் செல்போனிலேயே இருந்தது. வயரைச் சொருகினார்கள். ஜன்னல்களைச் சாத்தி விளக்கை அணைத்தார்கள்.

மணிகண்டபிரபு கண்ணை இறுக மூடிக்கொண்டார். கதவு கிரீச்சிட்டது. யாரோ ஓடினார்கள். ஒரு பெண் அலறினாள், நெருப்பு சடசடத்தது. வேலை போயிற்று என்று நினைத்தார். அந்தப் பேய் முகம் இப்போது எத்தனை அடி உயரத்தில் திரையில் இருக்கும் என்றும் நினைத்தார். இரண்டில் எது பெரிய பயம் என்று அவருக்கே பிடிபடவில்லை.

விளக்கைப் போட்டார்கள்.

"பாத்தீங்கல்லா சார், எரிச்சிட்டாங்க" என்றாள் கல்யாணசுந்தரி.

வாசலோரம் அண்டாவுக்குக் காவல் நின்ற அமுதவள்ளி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். புறத்தேர்வாளர் மெல்லத் தொண்டையைச் செருமினார்.

"எரித்தது யாவரும் கண்டதே. எரித்த பிறகு படையல் நடக்கவில்லை என்று படத்தில் எங்கேயாவது சொல்லியிருக்கிறார்களா, அம்மா?"

"இல்ல சார்."

"சொல்லாமல் விட்டதுதான் கதை. ஆய்வாளர் அதைக் கண்டுவிட்டார்; நீ கண்டதோடு நின்றுவிட்டாய். பட்டத்துக்கு மனமாரப் பரிந்துரைக்கிறேன்."

கைதட்டல் எழுந்தது. மணிகண்டபிரபுவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. விஜயராஜ் பொன்னாடையை விரித்துக்கொண்டு வந்து, முதலில் புறத்தேர்வாளர் எழுந்து நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அவர் எழுந்தார். மணிகண்டபிரபுவும் கூடவே எழ வேண்டியதாயிற்று. விளக்கை அணைத்ததிலிருந்து புறத்தேர்வாளர் அவர் கையை விடவில்லை.