மேலதிகச் சாமான்கள்

கஸ்பர் ஆர்.வி. வாங்கியபோது ஒன்ராறியோவின் மில்லிக்கனில் மூன்று வீடுகளுக்கு வெயில் இல்லாமல் போனது. வீட்டையே சக்கரத்தில் ஏற்றியது போன்ற அந்த வாகனம் அவ்வளவு உயரம். பக்கத்து வீட்டுச் சீனக் கிழவி காலையில் எழும்பி யன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, இன்னும் விடியவில்லை என்று திரும்பப் போய்ப் படுத்தாள் என்றும், வியாழக்கிழமை வரை அப்படியே படுத்திருந்தாள் என்றும் சொல்வார்கள். மிகைப்படுத்துகிறார்கள். புதன்கிழமை மத்தியானமே அவள் எழும்பிவிட்டாள்.

மிசிசாகாப் பக்கம் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் கஸ்பர். உலகத்தின் எல்லா ஊர்களுக்கும் மற்றவர்களின் பெட்டிகளை அனுப்பி வைத்தவர், தான் பாரி நகரத்தைத் தாண்டி வடக்கே போனது மிட்லண்ட் திருத்தலத்துக்கு மட்டும்தான். அதுவும் ஆவணி மாதத் தமிழர் யாத்திரைக்கு. கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருடங்களாக அதுவும் பங்குக் கோயில் பஸ்ஸில், ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தலோடு, பேசாமல் போய் பேசாமல் வருவது. இந்த வருடமாவது மனைவி வேரோனிக்காவைப் பக்கத்தில் இருத்தி, பழையபடி தானே ஓட்டிக்கொண்டு போகவேண்டும். ஆர்.வி. வாங்கியது அதற்காக மட்டும்தான். வேறு காரணம் சொன்னால் நம்பவேண்டாம்.

வாகனம் வந்த அன்றே அவளைக் கூப்பிட்டுக் காட்டினார். கட்டில், அடுப்பு, குளிக்கும் இடம் எல்லாம் காட்டி முடித்து, கடைசியாக முன் ஆசனத்தில் இருத்தி, புதிதாகப் பூட்டிய கமராவைப் போட்டார். பின்பக்கம் முழுவதும் சின்னத் திரையில் தெரிந்தது.

"பாரும். பின்னுக்கு ஒரு எறும்பு வந்தாலும் காட்டும்."

வேரோனிக்கா திரையைப் பார்த்தாள். அடுப்பில் கறி கிடக்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கினாள். சாப்பாட்டு நேரத்தில், தான் மிட்லண்டுக்குப் பஸ்ஸில் பேர் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். காரணம் சொல்லவில்லை. வேரோனிக்காவிடம் காரணம் கேட்பது, கல்லறையில் வழி கேட்பது போன்றது. கஸ்பர் தானாகவே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தார். வாகனத்தில் வசதி போதாது.

முன்பு ஓட்டிய பழைய வானில் என்ன வசதி இருந்தது என்று அவர் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் கொஞ்சம் காசு மிஞ்சியிருக்கும்.

அது தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வாங்கிய பழுப்பு நிற வான். எட்டுப் பேருக்கென்று செய்தது. அதில் பத்தொன்பது பேர் மிட்லண்டுக்குப் போனார்கள். இராஜரட்ணத்தைச் சேர்த்தால் இருபது. ஆனால் அவனை யாரும் ஆளாகக் கணக்கெடுப்பதில்லை. கஸ்பரோடு விமான நிலையத்தில் வேலை செய்தவன், சைவ சமயக்காரன், கடைசிச் சீற்றுக்குப் பின்னால் சோற்று அண்டாவைக் கட்டிப்பிடித்தபடி சாமானோடு சாமானாக வருவான். வானின் சூடாக்கி வேலை செய்யாது, பனிக்காலப் பயணங்களில் வாகனத்துக்குச் சூடு கொடுத்தது அந்த அண்டாதான். றேடியோவும் வேலை செய்யாது, ஆகவே செபமாலை சொல்லிக்கொண்டு போவார்கள். மூன்றாம் வருடமளவில் இராஜரட்ணம் செபமாலையைக் கத்தோலிக்கரைவிடத் திருத்தமாகச் சொன்னான். அடித்தட்டில் துருப்பிடித்து ஒரு ஓட்டை. ஒருமுறை கஸ்பரின் மகள் ஸ்டெபனியின் சப்பாத்து ஒன்று பாரிக்குக் கிட்ட அதற்குள்ளால் விழுந்துவிட்டது. திரும்பி வரும்போது அதே ஓட்டைக்குள்ளால் கையை விட்டு அதே சப்பாத்தை எடுத்தார்கள். வாகனத்தை நிறுத்தவும் இல்லை.

அந்த வானைப் பின்னுக்கு எடுப்பதுதான் பெரும்பாடு. பின் கண்ணாடியை மறைத்துக்கொண்டு தலைகளும் சட்டிகளும். பக்கக் கண்ணாடி ஒரு கம்பத்தோடு சண்டை பிடித்து எப்போதோ போய்விட்டது. ஆகவே வேரோனிக்கா இறங்குவாள். பனியென்றாலும் மழையென்றாலும், இடுப்பில் பிள்ளை இருந்தாலும், வானுக்குப் பின்னால் போய் நின்று கையை உயர்த்துவாள். "வாங்கோ, வாங்கோ, வாங்கோ." அந்தக் குரலுக்குத் தன்னை முழுதாக ஒப்புக்கொடுத்து கஸ்பர் பின்னே வருவார். "நில்லுங்கோ" என்று சொல்வதில் மட்டும் அவளுக்கு ஒரு சின்னத் தாமதம் இருந்தது. 'டங்' என்ற சத்தம் முதலில் வரும், பிறகுதான் "நில்லுங்கோ" வரும். ஒன்ராறியோவில் உள்ள எல்லாப் பூங்காக்களின் குப்பைத் தொட்டிகளும் அந்த வானின் பின்பக்கத்தில் அச்சாகப் பதிந்திருந்தன. இராஜரட்ணம் அதைத் தடவிப் பார்த்தே, இது நயாகரா, இது வசாகா என்று சொல்லக்கூடியவனாக இருந்தான்.

சரி. கஸ்பர் வசதி சேர்க்கத் தொடங்கினார்.

விட்பியில் ஆர்.வி. சாமான்கள் விற்கும் கடையில் றமேஸ் என்றொரு பெடியன் நின்றான். நல்ல பிள்ளை. கஸ்பரை அங்கிள் என்று கூப்பிட்ட முதல் நிமிடத்திலேயே ஒரு குழாயை விற்றான். குடிதண்ணீருக்கு வெள்ளைக் குழாய். அது வாங்கினால் கழிவுத் தண்ணீருக்கு வேறு குழாய் வாங்கவேண்டும், இரண்டையும் மாறிக் கொளுவினால் என்ன நடக்கும் என்று றமேஸ் விளக்கியபோது கஸ்பர் அதில் இரண்டு வாங்கினார். தண்ணீர் வேகமாக வந்தால் அடக்க ஒரு பித்தளை முட்டு. மின்சாரம் கூடிக் குறைந்தால் காப்பாற்ற ஒரு பெட்டி. சக்கரத்துக்குக் கீழே வைக்கும் மஞ்சள் கட்டைகள். மலகூடத் தொட்டிக்கு நீல மருந்து, அதற்கென்று தனிக் கடதாசி. அந்தக் கடதாசி தண்ணீர் பட்டவுடன் கரைந்துவிடுமாம். ஈரப்பதம் கூடிய ஒரு நாளில் கஸ்பர் அலுமாரியைத் திறந்தபோது, பன்னிரண்டு சுருள் இருந்த இடத்தில் ஏழுதான் இருந்தது.

"வாகனம் வாங்கிறது கலியாணம் கட்டின மாதிரி, அங்கிள்," என்றான் றமேஸ். "இனித்தான் செலவு."

ஒவ்வொன்றையும் கொண்டுவந்து கஸ்பர் வேரோனிக்காவிடம் காட்டினார். ஒவ்வொன்றையும் அவள் நல்லதென்றாள். பஸ்ஸில் கொடுத்த பேரை எடுக்கவில்லை. ஆகவே அவர் திரும்பவும் விட்பிக்குப் போனார். முதுகு நோகாத மெத்தை. அவள் காற்றோட்டமாக இருக்க, பக்கவாட்டில் விரியும் வெயில் மறைப்பு. அதை முதல்நாள் விரித்தபோது காற்று அடித்து, வாகனம் ஸ்ரீல்ஸ் வீதிவரை பாய்மரக் கப்பல்போலத் தானாகப் போய், சிவப்பு விளக்கில் நின்றது. சட்டத்தை மதிக்கும் வாகனம். பிறகு மேலதிக பற்றரி இரண்டு. அவையும் போதாதென்று ஜெனரேற்றர். கொத்து றொட்டி போடும் அளவுக்கு ஒரு தட்டடுப்பு. அதற்கு ஒரு மேசை. மேசைக்கு ஆறு கதிரை.

இராஜரட்ணம் வந்து பார்த்துவிட்டு, உள்ளே ஏறி வெளியே வர வழி தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றான். "மச்சான், வீட்டை வித்துப்போட்டு இதுக்குள்ளை வா. வீட்டிலை இவ்வளவு சாமான் இல்லை," என்றான்.

யாத்திரைக்கு இரண்டு கிழமை இருக்கும்போது றமேஸ் ஒரு கேள்வி கேட்டான். ஓட்டுநர் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் துண்டை அங்கிள் வாசித்தாரா என்று. கஸ்பர் வாசிக்கவில்லை. ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று அதில் போட்டிருந்தது. இதைச் சொல்ல வேண்டிய நேரம், சாமான் விற்று முடிந்த பிறகுதான் என்று றமேஸுக்கு யாரோ பழக்கியிருந்தார்கள்.

கல்லும் மண்ணும் விற்கும் யார்ட் ஒன்றில் லொறி நிறுக்கும் தட்டு இருந்தது. கஸ்பர் அதில் ஆர்.வி.யை ஏற்றி நிறுத்தார். றமேஸ் கூட்டிக் கழித்தான். திரும்பவும் கழித்தான்.

"அங்கிள், சட்டப்படி இனி இதுக்குள்ளை ஒரு ஆள்தான் ஏறலாம்."

"ஆர்?"

"ஓட்டுற ஆள். அவரும் காலமைச் சாப்பாட்டை விட்டால் நல்லது."

வீட்டுக்கு வந்து இதை எப்படிச் சொல்வது என்று கஸ்பருக்குத் தெரியவில்லை. கடைசியில், உள்ளதை உள்ளபடியே சொன்னார். அவளை வசதியாகக் கூட்டிக்கொண்டு போக வாங்கிய சாமான்கள், அவளுடைய பாரத்துக்கான இடத்தைத் தாமே எடுத்துக்கொண்டுவிட்டன. வேரோனிக்கா சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்த கத்தியை வைத்தாள்.

"அப்ப எனக்கு இடமில்லையெண்டு நிறுத்தே சொல்லிப்போட்டாங்கள்," என்றாள். பிறகு கத்தியை எடுத்து, கத்தரிக்காயைத் தேவைக்கு அதிகமாகச் சின்னதாக வெட்டினாள்.

சனிக்கிழமை காலை கஸ்பர் எல்லாவற்றையும் இறக்கி வாசலில் வைத்தார். திருப்பிக் கொடுக்கலாம் என்பதுதான் எண்ணம். ஆனால் மில்லிக்கனில் சனிக்கிழமை காலையில் வீட்டு வாசலில் ஒரு கதிரையை வைத்தாலே அது பழைய சாமான் விற்கும் கறாஜ் சேல். இராஜரட்ணம் வந்து சேர்ந்தபோது பதினைந்து கார்கள் நின்றன. அவன் உடனே முதலாளியாகிவிட்டான். மேசை போனது, கதிரைகள் போயின. ஜெனரேற்றரைப் பக்கத்து வீட்டுச் சீனக் கிழவி வாங்கினாள். இனி விடியாவிட்டாலும் பரவாயில்லை என்று நினைத்தாளோ என்னவோ. கஸ்பர் இருந்த கதிரையையும் இராஜரட்ணம் விற்றுவிட்டான். வாங்கியவர் கஸ்பர் எழும்பும்வரை மரியாதையாகக் காத்துக்கொண்டு நின்றார்.

குலசிங்கம் என்றொருவர் மிசிசாகாவிலிருந்து வந்திருந்தார். அவருக்குக் கட்டை, குழாய் ஒன்றும் வேண்டாம். ஆர்.வி.க்குள் எட்டிப்பார்த்து, அந்தக் கமராவைக் கேட்டார்.

"அது விக்கிறதுக்கில்லை," என்றார் கஸ்பர். "அது இல்லாமல் நான் எப்பிடிப் பின்னுக்கு எடுக்கிறது?"

வேரோனிக்கா எல்லாருக்கும் தேத்தண்ணீர் கொண்டுவந்துகொண்டிருந்தாள். தட்டத்தை மஞ்சள் கட்டைகளின் மேல் வைத்தாள்.

"இவ்வளவு காலமும் ஆர் எடுத்துவிட்டது?"

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனால் கறாஜ் சேல் முழுவதும் நின்றுவிட்டது.

"அண்டைக்கு அந்தப் படத்திலை வேலி தெரிஞ்சது, குப்பைவாளி தெரிஞ்சது," என்றாள். "நான் நிக்கிற இடம் மட்டும் வெறுமையாக் கிடந்தது. பிறகு நான் ஏன் வாறன்? சும்மா குந்தியிருந்து வாறதுக்கு பஸ் இருக்குதானே."

உள்ளே போய்விட்டாள்.

கஸ்பர் தேத்தண்ணீரைக் கீழே வைத்தார். அந்தக் கோடை முழுவதும் விட்பிக்கும் மில்லிக்கனுக்கும் இடையே ஓடியது நினைவுக்கு வந்தது. பிறகு, யாரிடமாவது திருகாணி கழற்றும் ஆயுதம் இருக்கிறதா என்று கேட்டார். அதையும் இராஜரட்ணம் விற்றிருந்தான். வாங்கியவரிடம் இரவல் கேட்டுப் பெற்றார்கள். கமராவைக் கழற்றி குலசிங்கத்தின் கையில் சும்மா கொடுத்தபோது, சும்மா தருகிற சாமானில் ஏதோ பிழை இருக்கவேண்டும் என்று அவர் வாங்க மறுத்தார். கஸ்பர் இருபது டொலர் வாங்கிய பிறகுதான் கொண்டுபோனார்.

பஸ்ஸுக்குக் கட்டிய காசைப் பங்கில் திருப்பித் தரமாட்டார்கள். ஆகவே யாத்திரையன்று வேரோனிக்காவின் பேரில் இராஜரட்ணம் பஸ்ஸில் ஏறினான். பேர் கூப்பிட்டபோது "ஓம்" என்றான். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. செபமாலையை அவன்தான் தொடங்கி வைத்தானாம்.

ஆர்.வி.யில் கட்டிலும் அடுப்பும் ஒரு சோற்று அண்டாவும் வேரோனிக்காவும் மட்டும்தான். அவள் ஸ்ரீல்ஸ் வீதியில் பேசத் தொடங்கினாள். பாரிக்குக் கிட்ட, சப்பாத்து விழுந்த இடம் இதுதான் என்றாள். கஸ்பர் இன்னும் கொஞ்சம் தள்ளி என்றார். அந்த வாக்குவாதம் மிட்லண்ட் வரைக்கும் போதுமானதாக இருந்தது.

திருத்தலத்தின் புல்வெளியில் வாகனங்கள் நிற்க ஒரு வயல் அளவு இடம் வெறுமையாகக் கிடந்தது. நேராகக் கொண்டுபோய் எங்கேயும் விடலாம். கஸ்பர், ஓரமாக ஒரு இரும்புக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த ஒடுங்கிய இடத்தைத் தெரிவுசெய்தார்.

"இஞ்சரும். ஒருக்கா இறங்கிப் பாரும்."

அவள் ஏற்கெனவே கதவைத் திறந்துவிட்டாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பின்பக்கம் போனாள். பஸ்ஸில் வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கஸ்பர் ஒரு பொத்தானை அழுத்தினார். இரண்டு பக்கக் கண்ணாடிகளும் மெல்ல மடிந்து உள்ளே வந்தன.

"வாங்கோ," என்றது பின்னாலிருந்து வந்த குரல். "வாங்கோ, வாங்கோ, வாங்கோ."

டங்.

"நில்லுங்கோ."

தூரத்தில் இராஜரட்ணம் சிலுவைக் குறி போட்டான்.

கஸ்பர் தலையை வெளியே நீட்டி, சரியா என்று கேட்டார். வேரோனிக்கா இரண்டு பக்கமும் போய்ப் பார்த்தாள். கையைக் கண்ணுக்கு மேலே வைத்தும் பார்த்தாள்.

"கொஞ்சம் சரிவு," என்றாள். "முன்னுக்கு எடுத்து இன்னொருக்கா வாங்கோ."

சரிவு ஒன்றும் இல்லை. கஸ்பர் முன்னுக்கு எடுத்தார். வேண்டியதைவிடக் கொஞ்சம் தூரமாகவே எடுத்தார்.