மைனரைத் தேடிய மாப்பிள்ளை

பார்சல் கம்பெனியின் இரண்டாவது மாடியில், ஏ.சி. இரைச்சலைத் தவிர வேறெதுவும் கேட்காத சின்ன அறையில் அவள் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு முழ நீளத்துக்கு ஒரு பதவிப் பெயர் உண்டு. அதை யாரும் சொல்வதில்லை. சர்வரைப் பார்த்துக்கொள்வதால் அவள் சர்வரக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த லாரிப் பிரிவு அண்ணனுக்கும் அக்காதான். எந்தப் பார்சல் எந்த லாரியில் ஏறியது, எங்கே இறங்கியது என்பதெல்லாம் அந்த ஒற்றை இயந்திரத்துக்குள் இருந்தது. அது முரண்டு பிடித்தால் கீழே லாரிகள் வரிசையாக நிற்கும்.

ஒரு மாதமாக அது முரண்டு பிடித்துக்கொண்டுதான் இருந்தது. காரணம் அவளுக்கு நன்றாகத் தெரியும். சொல்லித்தான் பார்த்தாள். ஆனால் காரணத்தைப் போய் அந்தக் காரணத்திடமே சொன்னால் எப்படி எடுபடும்?

மாப்பிள்ளை விஷயத்துக்கு வருவோம். முதலாளியின் ஒரே மகளைக் கட்டியவர். ஆறு மாதம் முன்பு நிர்வாக மேலாளராக வந்து இறங்கினார். முகத்துக்கு நேரே சார், முதுகுக்குப் பின்னால் மாப்பிள்ளை. சும்மா சொல்லக் கூடாது, மனுஷர் ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டார். எல்லார் திரையையும் ஐந்து நொடிக்கு ஒருமுறை படம் பிடித்து சேர்த்துவைக்கும் ஒரு கண்காணிப்பு புரோகிராமை வாங்கிவந்து சர்வரில் போடச் சொன்னார். "சார், இது சர்வரை மென்னு துப்பிடும்" என்று அவள் சொன்னாள். "நீங்க பயப்படுறதைப் பார்த்தா இதை முதல்லயே போட்டிருக்கணும்" என்றார் அவர். அடுத்து அவளுடைய பாஸ்வேர்டைக் கேட்டார். அவருக்கென்று ஒரு கணக்கு இருந்தது. அதெல்லாம் போதாதாம். "நிர்வாகின்னா எல்லாச் சாவியும் கையில இருக்கணும்" என்று சொல்லி, அவள் கணக்கிலேயே உள்ளே போய் வரத் தொடங்கினார்.

பிறகு எங்கேயோ இரண்டு நாள் பயிற்சிக்குப் போனார். வினை அங்கேதான் பிடித்தது. இயந்திரத்தில் இந்த நிமிஷம் என்னென்ன ஓடுகிறது என்று பட்டியல் எடுக்கலாம், அதில் நமக்கு வேண்டிய சொல் உள்ள வரியை மட்டும் பொறுக்கி எடுக்கலாம் என்று ஒரு பாடம். ஊழியர்கள் சிலர் அலுவலக இயந்திரத்தில் திருட்டுத்தனமாக டிஜிட்டல் காசு தோண்டும் 'மைனர்' புரோகிராமை ஓட்டுகிறார்கள் என்று இன்னொரு பாடம். சர்வர் வேறு மந்தமாக இருக்கிறதா, இரண்டுக்கும் முடிச்சுப் போட்டுவிட்டார்.

திரும்பி வந்த மறுநாளே வருகைப் பதிவுக் கடிகாரத்துக்குக் கீழே ஒரு அறிவிப்பு ஒட்டினார். 'அனுமதியற்ற ஓட்டம் யார் கணக்கில் தெரிகிறதோ, அவர் அன்றே பணியிலிருந்து விடுவிக்கப்படுவார். விளக்கம் ஏற்கப்படாது.' கீழே வால் நீண்ட ஒரு கையெழுத்து.

அதற்குப் பத்து நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு, அவள் மேஜைக்கு ஒரு உறை வந்தது. சர்வரில் மைனர் ஓட்டியதற்கு ஆதாரம் இருக்கிறது, மூன்று மணிக்கு முதலாளி முன்னிலையில் விசாரணை, பணிநீக்கக் கடிதம் தயார்.

வேலை போவதுகூடப் பரவாயில்லை, இன்னொன்று தேடிக்கொள்ளலாம். ஆனால் சர்வர் பார்க்கிறவளுக்குத் திருட்டுப் பட்டம் கட்டி வெளியே அனுப்பினால் பிறகு எந்தக் கம்பெனி அவளை ஒரு கீபோர்டுப் பக்கம் விடும்? பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட யார் ஃபைலையும் அவள் திறந்து பார்த்ததில்லை. அதை நினைத்தபோது அழுகையை மீறிக் கோபம் வந்தது.

உட்கார்ந்து தேடினாள். ஓடுவதை எல்லாம் வரி வரியாகப் பார்த்தாள். மைனர் என்ற பெயரே இல்லை. அவள் பழகிய கட்டளை வேறு, நேரடியாகப் பெயரைச் சொல்லித் தேடுவது. அதில் தேடினாள், பூஜ்யம். ஒரு கட்டத்தில், நம்மை அறியாமல் நாமே ஏதாவது செய்துவிட்டோமோ என்றுகூடத் தோன்றிவிட்டது. அவ்வளவு தூரம் ஆட்டிவைத்துவிட்டார் அந்த மனுஷர்.

லாரிப் பிரிவு அண்ணன் கதவருகே வந்து நின்றார். "என்னக்கா, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"நான் திருடியாம் அண்ணா. மூணு மணிக்குத் தீர்ப்பு."

"யார் சொன்னது, மாப்பிள்ளையா? அவர் போன வாரம் ஸ்டோர் ரூம்ல பூனை புகுந்ததுக்கே மூணு பேருக்கு மெமோ குடுத்தவர்." அண்ணன் கொஞ்சம் யோசித்தார். "ஆனா மாமனார் நியாயஸ்தர்க்கா. நிதானமாப் பேசு. வழக்கம் மாதிரி வெடுக்குன்னு பேசிடாத."

மூன்று மணி. முதலாளி அறையில் சுவர் முழுக்கத் திரை விரித்து, புரொஜெக்டர் போட்டு, மாப்பிள்ளை லேப்டாப்போடு தயாராக நின்றிருந்தார். கல்யாணத்தன்றுகூட அவ்வளவு களையாக இருந்திருக்க மாட்டார். முதலாளி நாற்காலியில் சாய்ந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேஜை மேல் கடிதம் கிடந்தது.

"மாமா, நான் வாயால சொல்லப் போறதில்ல. நேர்லயே காட்டுறேன்" என்றார் மாப்பிள்ளை. அவள் கணக்கில் உள்ளே போய், ஓடுவதில் மைனரைப் பொறுக்கிக் கொடு என்று கட்டளை அடித்தார். திரையில் ஒரே ஒரு வரி வந்தது. முன்னால் அவள் கணக்கின் பெயர், பக்கத்தில் ஒரு எண், கடைசியில் மைனர்.

"பார்த்தீங்களா? கையும் களவுமா."

அவள் அந்த வரியைப் பார்த்தாள். இரண்டே நொடி. காலையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் சட்டென்று இறங்க, அந்த இடத்தில் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்து அடக்கினாள்.

"இன்னொரு தடவை போடுங்க சார்" என்றாள்.

போட்டார். மறுபடியும் அதே வரி, எண் மட்டும் வேறு. "இதுதான் மாமா தந்திரம். ஒவ்வொரு தடவையும் நம்பரை மாத்திக்குது. நாம தேடுறோம்னு தெரிஞ்சு ஓடி ஒளியுது. பத்து நாளா கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு பார்க்கிறேன். நூத்தி நாப்பது தடவை தேடினேன், நூத்தி நாப்பது தடவையும் இருந்தது."

"சார், மைனருக்கு முன்னாடி 'கிரெப்'னு ஒரு சொல் இருக்கே, அது என்னது?"

மாப்பிள்ளை ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "அது அதோட இனிஷியல்."

முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "என்னம்மா இது? எனக்குப் புரியுற மாதிரி சொல்லு."

வெடுக்கென்று பேசாதே என்று அண்ணன் சொன்னது நினைவுக்கு வந்தது. "நான் சொல்றதைவிட சாரே காட்டட்டும் சார். உங்க பேத்தியை வீட்ல எப்படிக் கூப்பிடுவீங்க?"

"குட்டிம்மா. அவளுக்கு மூணு வயசு. அவ எதுக்கு இதுல?"

"மைனருக்குப் பதிலா குட்டிம்மாவைத் தேடச் சொல்லுங்க. என் கணக்கு வேணாம், சார் கணக்குலேயே போகட்டும்."

மாப்பிள்ளைக்கு இஷ்டமில்லை. ஆனால் மாமனார் பார்த்த பார்வையில் அடித்தார். ஒரு வரி வந்தது. முன்னால் மாப்பிள்ளையின் கணக்குப் பெயர், ஒரு எண், கிரெப், கடைசியில் குட்டிம்மா.

முதலாளி எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்று படித்தார். "என் பேத்தி எப்படி, மாப்பிள்ளை, சர்வருக்குள்ள போனா?"

"அது... மாமா..."

"கிரெப்ங்கிறது இனிஷியல் இல்ல சார்" என்றாள் அவள். "பொறுக்கி எடுக்கிற புரோகிராமோட பேரே அதுதான். தேடுறதும் ஒரு ஓட்டம்தானே? நீங்க தேடுற சொல் அந்த வரியிலேயே இருக்கிறதால, அது தன்னையே பொறுக்கிக் காட்டுது. எதைத் தேடினாலும் ஒரு வரி வரும், ஒவ்வொரு தடவையும் புது நம்பரோட வரும். யார் கணக்குல தேடுறாங்களோ அவங்க பேர் முன்னாடி நிக்கும். பத்து நாளா சார் தேடினது சாரைத்தான். என் பேர் வந்தது, என் கணக்குல உட்கார்ந்து தேடினதால."

முதலாளி இன்னும் மூன்று பெயரைச் சொல்லித் தேடச் சொன்னார். கடைசியாகத் தன் மனைவி பெயர். வந்தது. மனுஷருக்கே லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது. மாப்பிள்ளை மட்டும் லேப்டாப்பையே முறைத்துக்கொண்டு நின்றார்.

"அப்ப சர்வர் ஏன் மந்தமா இருக்கு?" என்று கேட்டார் முதலாளி.

அவள் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். எது அதிகமாக உழைப்பை உறிஞ்சுகிறதோ அது மேலே வருகிற மாதிரி பட்டியலைப் போட்டாள். முதல் வரியில் கண்காணிப்பு புரோகிராம், மாப்பிள்ளை கணக்கில். நூற்றில் தொண்ணூற்றிரண்டு பங்கை அதுவே விழுங்கிக்கொண்டிருந்தது. மிச்சம் எட்டில் முந்நூறு லாரிகள் ஓடியாக வேண்டும்.

"இதுக்கு அனுமதி யார் குடுத்தது?" முதலாளியின் குரல் தணிந்திருந்தது. அவரிடம் அது நல்ல அறிகுறி இல்லை.

"மாமா, நிர்வாகத்துக்கு அனுமதி எதுக்கு..."

"கீழ ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கீங்களே. யார் கணக்குல தெரியுதோன்னு. விளக்கம் ஏற்கப்படாதுன்னு. நல்லாத்தான் எழுதியிருக்கீங்க." மேஜையிலிருந்த கடிதத்தை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்தார். "கிழிங்க."

கிழித்தார். நாலாகக் கிழித்தவரை, எட்டாக்குங்கள் என்றார் மாமனார். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தச் சத்தம் காதுக்கு இதமாக இருந்தது என்பதை அவள் மறைக்கவில்லை. மாப்பிள்ளை வெளியே போகும்போது கதவைக் கொஞ்சம் பலமாகச் சாத்தினார்.

அவள் கண்காணிப்பு புரோகிராமை ஒரே வரியில் நிறுத்தினாள். கீழே லாரிப் பிரிவில் யாரோ "வந்துடுச்சுப்பா" என்றது மாடிவரை கேட்டது. பாஸ்வேர்டையும் அங்கேயே, முதலாளி முன்னாலேயே மாற்றினாள்.

முதலாளி திரையை விட்டு இன்னும் நகரவில்லை. கடைசியில் கிடந்த ஒரு வரியைக் காட்டினார். "இது என்னம்மா? சும்மாவே கிடக்கு."

"அது வேலை முடிஞ்சு போனது சார். உயிர் இல்ல. பேர் மட்டும் பட்டியல்ல நிக்குது. ஜாம்பின்னு சொல்லுவோம்."

"அதையும் நிறுத்திடேன்."

"என்னால முடியாது சார். செத்ததை எப்படித் திரும்பக் கொல்றது? அதைக் கொண்டுவந்தது எதுவோ, அதுதான் கூப்பிட்டுக் கணக்கை முடிக்கணும். அதுவரைக்கும் கிடக்கும்."

முதலாளி, மாப்பிள்ளை சாத்திவிட்டுப் போன கதவைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். மகளிடம் இதை யார் சொல்வது என்ற கவலை அந்த முகத்தில் பச்சையாகத் தெரிந்தது.

"அதனால கெடுதல் ஒண்ணும் இல்லையே?"

"இல்ல சார். பாஸ்வேர்டு இல்லாம இருக்கிற வரைக்கும் ஒரு கெடுதலும் இல்ல" என்றாள் அவள்.