நோட்டுக்குப் பதில் சலங்கை

“பசை இறுகிப்போச்சு. கொஞ்சம் வெந்நீ ஊத்திக் கொண்டா” என்று புளியங்கொட்டைப் பசைக் கிண்ணத்தை நீட்டினார் ஞானராஜ். நூலகத்துப் பின்னறை அடுப்பில் அவர் மனைவி ஜெயக்கொடி அதைக் கரைத்து எடுத்துவந்தபோது, முதுகு கிழிந்த ஒரு நோட்டின்மேல் அவர் தலையைச் சாய்த்திருந்தார். கண்ணயர்ந்துவிட்டார் போல என்று கிண்ணத்தைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்தாள். போகும்போது கதவைக்கூட மெல்லத்தான் சாத்தினாள்.

அது எழுபத்தொன்றாம் வருஷம், பொங்கல் கழிந்து நாலைந்து நாள் இருக்கும்.

திருச்சுழி ரோட்டில் யூனியன் அலுவலகத்தை ஒட்டிய ஓட்டுக் கட்டடம் அது. யூனியன் பணத்தில் நடந்த நாடக நூலகம். அச்சுப் புத்தகம் என்று பார்த்தால் ஒரு தட்டுக்குக் காணாது. ஒன்பது வருஷமாக ஞானராஜ் நாடகக்காரர்களைத் தேடிப்போய், அவர்கள் சொல்லச் சொல்லக் கைப்பட எழுதிச் சேர்த்த இருநூற்றுப் பதினாலு நோட்டுகள்தான் அதன் சொத்து. ராஜபார்ட்டுக்கு ஒன்று, ஸ்திரீபார்ட்டுக்கு ஒன்று, பபூனுக்கு ஒன்று என்று ஆளுக்கொரு பாடம். ஞாயிற்றுக்கிழமை தேவாலயச் சபையில் ஞானப்பாட்டுப் பாடுகிறவர், மற்ற நாளெல்லாம் முருகனுக்கும் வள்ளிக்கும் தர்க்கம் எழுதிக்கொண்டிருந்தார்.

அவரை அடக்கம் செய்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஒரு திங்கட்கிழமை யூனியன் ஆணையர் ஜெயக்கொடியைக் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர்தான். ஆனால் காகிதத்தைப் பார்த்தே பேசுகிறவர்.

“வெள்ளிக்கிழமை இருப்புச் சரிபார்க்கணும்மா. நோட்டெல்லாம் இருந்தா நூலகத்த ஜில்லாவுல நிரந்தரமா எடுத்துக்குவாங்க. அப்புறம் யாரும் கை வைக்க முடியாது. பத்துக்கு மேல காணோம்னா மூடிட வேண்டியதுதான். சேர்மன் அந்த இடத்தை உரக்குடோனுக்குக் கேட்டுட்டு இருக்கார்.”

ஜெயக்கொடி வந்து அலமாரியைத் திறந்தாள். எண்ணிப் பார்த்தால் தொண்ணூற்று மூன்று நோட்டுகள்தான் இருந்தன. மற்ற இடங்களில் சலங்கை, சவரிமுடி, கைத்தாளம்.

அது அவளுக்குத் தெரிந்த வழக்கம்தான். பாடத்தை வாங்கிக்கொண்டு நாடகக்காரர்கள் கையெழுத்துப் போடமாட்டார்கள். நாக்கில் இறங்க வேண்டியதைக் கடன் என்று காகிதத்தில் ஒப்புக்கொண்டால் தொண்டை கட்டிவிடும் என்று பயம். ஞானராஜ் அவர்களை வற்புறுத்தியதில்லை. ஆவணியில் நாடகம் ஓய்ந்ததும் வருவார்கள். சலங்கையை வைத்துவிட்டு நோட்டைக் கொண்டுபோவார்கள். மாசிச் சிவராத்திரிக்கு மேடை ஏறச் சலங்கை வேண்டுமே, நோட்டோடு தானாக வந்து நிற்பார்கள். எது யாருடையது என்பது அவர் மனசில் மட்டும் இருந்தது.

இந்த வருஷம் சிவராத்திரி கிட்டத்தில் வந்துவிட்டது. ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை.

புதன்கிழமை அலமாரியில் இருந்த சலங்கை, சவரிமுடி அத்தனையையும் சாக்கில் கட்டி அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏறினாள். பள்ளத்தில் பஸ் இறங்கும்போதெல்லாம் சாக்கு குலுங்கியது. துக்கத்தில் இருக்கிற பொம்பளை சலங்கை மூட்டையோடு போவதை எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

நாடக நடிகர் சங்கம் ஒரு கடை மாடியில் இருந்தது. பபூன் சங்கையா கண்ணாடி முன்னால் சவரம் செய்துகொண்டிருந்தார். ஸ்திரீபார்ட் சௌந்தரம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். இன்னும் பத்துப்பேர் பாயில் கிடந்தார்கள். சாக்கின் சத்தம் கேட்டதும் சங்கையா பாதிச் சவரத்தோடு எழுந்துவிட்டார்.

“மதினி, இத எதுக்குத் தூக்கிட்டு வந்தீக? நாப்பது நாள் ஆகலையே.”

“எதுக்கு நாப்பது நாளு?”

“எறந்தவுக கையில குடுத்த பொருள நாப்பது நாளைக்குத் திருப்பிக் கேக்க மாட்டோம். அண்ணாச்சிக்கு இதுகூடச் செய்யலேன்னா எப்பிடி? ஊரெல்லாம் இரவல் சலங்க தேடுறோம். எனக்கு வண்டிமாட்டுச் சலங்கதான் கெடச்சிருக்கு.”

“ஒனக்கு அதுதான் அளவா இருக்கும்” என்றார் சௌந்தரம், சிரிக்காமல்.

ஜெயக்கொடிக்கு அப்போதுதான் விளங்கியது. இவர்களுடைய மரியாதைதான் நூலகத்தைப் பூட்டப்போகிறது. ஆணையர் சொன்னதை அப்படியே சொன்னாள்.

சௌந்தரம் யோசித்தார். “எல்லாஞ் சரி. அவுக கையில குடுத்தத உன் கையில வாங்குனா, அதுக்குள்ள அவுகள மறந்துட்டோம்னு ஆகாதா?”

“அவுக கையிலயா குடுத்தீக அக்கா? அலமாரியில வச்சீக. அலமாரி இன்னும் சாகல. வெள்ளிக்கிழம செத்துரும்.”

அவள் சாக்கை அவிழ்த்துப் பாயில் கொட்டினாள். “யாருது எதுன்னு எனக்குத் தெரியாது. நீங்களே எடுத்துக்கங்க.”

முதலில் சௌந்தரம் குனிந்து தன் சலங்கையை எடுத்தார். பிறகு ஒவ்வொருவராக எடுத்தார்கள். வராதவர்களுடையதைச் சங்கையா பிரித்து வைத்தார்.

பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கையில் இருந்த ஒரே பிடியையும் கொடுத்தாகிவிட்டது. பதிலுக்கு ஒரு நோட்டைக்கூட வாங்கவில்லை. வியாழக்கிழமை முழுக்க வாசலிலேயே நின்றாள். ஒருவரும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஆணையர் வந்தார். குமாஸ்தா பட்டியலைப் பார்த்து எண்ணை வாசிப்பார். ஜெயக்கொடி நோட்டை எடுத்துக் காட்ட வேண்டும். இல்லாததற்கு “காணோம்” என்று குமாஸ்தாவே சொல்லிக் கோடு போட்டார். அந்தச் சொல் வரவர வேகமாக வந்தது. சேர்மன் அனுப்பிய ஆள் ஒருவன் மூலையில் நின்று சுவரை முழம்போட்டுக்கொண்டிருந்தான்.

“இன்னும் வாசிக்கணுமா சார்?” என்றார் குமாஸ்தா நூறாம் எண்ணில்.

“கடைசிவரைக்கும் வாசிங்க.”

நூற்று எழுபதை வாசிக்கும்போது பந்தல்குடிப் பக்கமிருந்து வந்த லோடு லாரி ஒன்று வாசலில் நின்றது. முன்னாலிருந்து சௌந்தரம் இறங்கினார். பின்னால் பருத்தி மூட்டைமேலிருந்து சங்கையா வேட்டியில் கட்டிய நோட்டு மூட்டையோடு குதித்தார்.

“மல்லாங்கிணறு, பாலவனத்தம், ஒரு ஊர் பாக்கியில்ல மதினி. பாதிப்பேரு, நீங்க வந்து கொட்டுனீகன்னு சொன்னப்புறந்தான் நம்புனாக.”

குமாஸ்தா மறுபடி முதலிலிருந்து வாசித்தார். முப்பத்தொன்று குறைந்தது.

“அது வெளியூருல பாடம் பண்ணிட்டிருக்கவுக கையில இருக்கு, சார்” என்றார் சங்கையா.

ஆணையர் புது ரிஜிஸ்டரைத் திறந்து பேனாவை மேசையில் வைத்தார். “பொறுப்பு ஏத்து யாராவது கையெழுத்துப் போட்டா இரவல்னு எழுதலாம். இல்லேன்னா காணோம்தான். எனக்கு வேற வழி இல்ல.”

சங்கையா பேனாவைப் பார்த்தார். “கையெழுத்துப் போட்டா தொண்டைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல, சார்?”

சௌந்தரம் ஜெயக்கொடியைத்தான் பார்த்தார்.

“அவுக ஒம்பது வருசத்துல ஒருநாளும் எங்கள இதக் கேட்டதில்ல.”

“தெரியும்க்கா” என்றாள் ஜெயக்கொடி. “நான் கேக்கேன்.”

சௌந்தரம் பேனாவை எடுத்தார். பதினைந்துக்கு அவர் போட்டார், பதினாறுக்குச் சங்கையா போட்டார். போட்டு முடித்துத் தெருவில் இறங்கி, யாருக்கும் கேட்காதபடி ஒரு முறை தொண்டையைச் செருமிப் பார்த்துக்கொண்டார் சௌந்தரம். ஜெயக்கொடிக்கு அது கேட்டது. ஞானராஜ் இருந்திருந்தால் அந்தப் பேனாவை மேசையில் வைக்கவே விட்டிருக்க மாட்டார். ஒருவேளை நூலகமும் இருந்திருக்காது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

சித்திரையில் நிரந்தர ஆணை வந்தது. ஜில்லா எடுத்துக்கொண்ட பிறகு போர்டு மாறியது, ரப்பர் முத்திரை மாறியது, அலமாரி இரும்பானது. உதவியாளர் வேலையை ஜெயக்கொடிக்கே கொடுத்தார்கள். இப்போது யாரும் சலங்கை வைப்பதில்லை. கையெழுத்துப் போட்டு வாங்குகிறார்கள். திறக்கும் நேரத்தை மட்டும் யாரும் மாற்றவில்லை. இரவெல்லாம் பாடியவர்கள் தூங்கி எழுந்து வர வேண்டும் என்று ஞானராஜ் வைத்த நேரம் அது. மாலை நான்கு மணி.